இரண்டு வருடம் உட்கார்ந்ததற்கு ஒரு சான்றிதழ்

கோவையில் ஒரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார்கள். 26 ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் (லேத்தில் இரும்பைக் கடைகிறவர்) பிரிவுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன், ஓய்வுக்குப் பிறகும் கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் பாதி நாளைக் கழிப்பவன் என்பதால் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலின் முதல் பக்கத்தில், பட்டயப் படிப்பில் புதிதாகச் சேர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருந்தது. ரோபோட்டிக்ஸ், செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அச்சு, மின்வாகனம் என்று எல்லாமே நல்ல பெயர்கள்தான். எதை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்ப்பது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நான் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. என் நினைவெல்லாம் ஒரு புள்ளியின் மேல் இருந்தது.

பத்து வருடங்களுக்கு முன்பு என்னிடம் படித்த ஒரு மாணவனை, அவன் தேர்ச்சி பெற்ற மறு வாரமே, எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறையில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன், கை சுத்தமானவன். சேர்ந்த ஒன்பதாவது நாள் காலையில் பட்டறை முதலாளி தொலைபேசியில் அழைத்து, "ஏனுங்க சார், செத்த நேரம் வந்துட்டுப் போறீங்களா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பார்த்தால் சி.என்.சி. லேத்தின், அதாவது கணினி ஓட்டும் லேத்தின், கதவு திறந்து கிடக்கிறது, வெட்டுமுனை தூள் தூளாகியிருக்கிறது, டூல் ஹோல்டர் வளைந்திருக்கிறது, கருவிகளைத் தாங்கிச் சுழலும் டர்ரெட் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. பையன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நடந்தது இதுதான். 50 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைக் கடைய வேண்டும். கருவி முதலில் விரைவோட்டத்தில் வந்து, கம்பிக்கு வெளியே 52 மில்லிமீட்டர் விட்டத்திலும், முகப்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளியும் நிற்க வேண்டும். அதற்கான வரியில் அவன் எக்ஸ் 52 என்றும் இசட் 5 என்றும் அடித்திருக்கிறான். எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்கவில்லை. நம் பட்டறைகளில் ஓடும் பல ஃபானக் கண்ட்ரோலர்களில், புள்ளி இல்லாத எண்ணை இயந்திரம் மைக்ரான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 52 என்பது 0.052 மில்லிமீட்டராகவும், 5 என்பது 0.005 மில்லிமீட்டராகவும் ஆகிவிடும். அதாவது கம்பியின் முன்னால் வந்து நிற்க வேண்டிய கருவி, இன்னும் இரண்டு மில்லிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டிய முகப்பின் நட்டநடுவில், முழு வேகத்தில் வந்து மோதியிருக்கிறது.

"92 மார்க்குன்னு சொன்னீங்களேங்க சார்" என்று மட்டும் கேட்டார் முதலாளி. டர்ரெட்டைச் சரிசெய்து இயந்திரம் மறுபடி ஓட இரண்டு நாள் ஆயிற்று. பையனை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதை இங்கே நன்றியோடு சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை நிலையத்துக்குத் திரும்பி, அலமாரியில் கட்டிவைத்திருந்த பழைய வகுப்புத் தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்த மாணவனின் தாளும் இருந்தது. ஒரு புரோகிராம் எழுதச் சொல்லியிருந்த கேள்விக்கு அழகான கையெழுத்தில் 14 வரிகள் எழுதியிருந்தான். ஒரு வரியில்கூடப் புள்ளி இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் முழு மதிப்பெண்ணும் என் சுருக்கொப்பமும் இருந்தன. தாளில் எழுதும்போது புள்ளி இல்லாவிட்டாலும் எதுவும் உடைவதில்லை; ஆதலால் திருத்துகிறவனுக்கும் அது கண்ணில் படுவதில்லை. முதல் துண்டை வரி வரியாக, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பதை நான் கரும்பலகையில் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரே இயந்திரத்தைச் சுற்றி 20 பேர் நின்ற வகுப்பில் அதை அவன் தன் கையால் செய்து பார்த்தது எத்தனை முறை என்று யோசித்தால், ஒரு கை விரல்களுக்கு மேல் வராது.

சான்றிதழ் என்ற காகிதத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அதில் பெயர் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. இந்த ஆள் எதைச் செய்வான், எதைச் செய்யத் தெரியாது என்று அதைப் பார்த்து ஒரு முதலாளியால் சொல்ல முடியாது. நம் தொழிற்கல்விச் சான்றிதழ்கள், ஒருவன் இரண்டு வருடம் அல்லது மூன்று வருடம் ஓரிடத்தில் இருந்தான் என்பதைத்தான் உறுதியாகச் சான்றளிக்கின்றன. மற்றதெல்லாம் சராசரி. தேசிய அளவிலான தொழிற்பயிற்சித் தேர்வில் செய்முறைக்கு 60 விழுக்காடும், ஏட்டுப் பாடங்களுக்கு 33 விழுக்காடும் தேர்ச்சிக்குப் போதும். அறுபதை எட்டிய மாணவனுக்கு மீதி நாற்பதில் எது தெரியாது என்பது எங்கும் பதிவாவதில்லை. அந்த நாற்பதுக்குள்தான் புள்ளி இருக்கும்.

இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோதே, ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதைவிட என்ன செய்யக்கூடியவர் என்பதைக்கொண்டே தகுதியை வரையறுக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அப்போது பத்து நிலைகள். 2023-இல் திருத்தியபோது எட்டாக்கினார்கள். இன்று எந்தத் தொழிற்பிரிவின் பாடத்திட்டத்தைத் திறந்தாலும் கற்றல் விளைவுகள் என்று பக்கம் பக்கமாக இருக்கும், நன்றாகவும் எழுதியிருப்பார்கள். அந்த விளைவுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் தேர்வு வரவில்லை என்பதுதான் குறை. ஏட்டுப் பாடத் தேர்வு கணினித் திரையில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதாக மாறியிருக்கிறது. திருத்துவதற்கு எளிது, காப்பி அடிப்பதும் குறைந்திருக்கலாம். ஆனால் நான்கு விடைகளில் ஒன்று சரி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்கிற கேள்வியைப் பட்டறையில் எந்த இயந்திரமும் கேட்பதில்லை.

படிப்பின் காலத்தைப் பற்றிய சண்டை கோவைக்குப் புதிதல்ல. ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1945-இல் தொடங்கியபோது அதன் முதல்வராக இருந்தவர் ஜி.டி.நாயுடு. தானே பள்ளியை இளமையில் விட்டவர். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு நேர விரயம், இரண்டு ஆண்டு போதும் என்று அவர் சொன்னார்; அன்றைய அரசு ஏற்கவில்லை; அவர் பொறுப்பை விட்டு விலகினார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை அவருடைய பிடிவாதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நான் அதை ஒரு தொழிலாளியின் பார்வையாக எடுத்துக்கொள்கிறேன். 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது அவர் பிறப்பதற்கு முன்பு; ஆனால் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும், ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப்போன பட்டறைகள் பழுது பார்த்துப் பார்த்தே பம்பும் மோட்டாரும் செய்யக் கற்றுக்கொண்டதும் அவர் கண்முன் நடந்தவை. 1937-இல் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதில் அவருக்கே பங்கு உண்டு. அப்படிப்பட்டவருக்கு, ஒரு வேலையைக் கற்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள்தான் படிப்பு என்று தோன்றியதில் வியப்பில்லை.

அவரோடு நான் பாதிதான் உடன்படுவேன். நான்கை இரண்டாக்கினாலும் அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டைதான். சிலருக்கு இரண்டு வருடம் அதிகம். சிலருக்கு ஒரே மூச்சில் இரண்டு வருடம் என்பதே வாழ்க்கையில் கிடைக்காத ஒன்று.

இரண்டாம் வகையினர்தான் இனிமேல் அதிகம் வரப்போகிறவர்கள் என்று நான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பையனை மனத்தில் வைத்தே நாம் எல்லாப் பாடத்திட்டத்தையும் வரைகிறோம். அவனுக்கு இப்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022-இல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் இதே கோவையில்தான் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அந்தப் பதினாறு வயதுக்காரன் இன்று பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போட்டி போட்டுக்கொண்டு அழைக்கப்படுகிறவன். யாரும் அழைக்காதவள் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள்.

என் தம்பி மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். 31 வயது, இரண்டு பிள்ளைகள், பதினோரு வருட அனுபவம். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வீட்டில் வைத்துத் தைக்கும் பழைய ஓவர்லாக் இயந்திரத்தில் தையல் விட்டு விட்டு விழுந்தது. நான் குனிந்து ஊசியைப் பார்த்தேன். "ஊசி நல்லாத்தான் இருக்குங்க பெரியப்பா, நேத்துத்தான் மாத்துனேன். லூப்பர் ஊசிகிட்ட வர்றப்ப செத்த தள்ளி வருது, சத்தத்துலயே தெரியுதுங்க" என்றாள். பக்கவாட்டு மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, நூலைக் கொக்கிபோல் பிடிக்கும் லூப்பரின் நுனி ஊசியைக் கடக்கும் இடத்தில் நிறுத்திக் காட்டினாள். இடைவெளி அவள் சொன்னதுபோலவே இருந்தது. திருப்புளியை எடுத்து அவளே சரிசெய்தாள். "கம்பெனியிலயும் நீயே செய்யலாமே" என்றேன். "ஸ்க்ரூவத் தொட்டாலே மெக்கானிக் அண்ணன் சத்தம் போடுவாருங்க" என்று சிரித்தாள்.

அவளுக்கும் அந்த மெக்கானிக்குக்கும் சம்பளத்தில் உள்ள வேறுபாடு பெரியது. அறிவில் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் படிக்க விரும்பினால் சட்டம் தடுப்பதில்லை. தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்; ஆனால் பகல் முழுவதும் வகுப்பில் இருக்கச் சொல்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேரும் என்ற நிலையில் இருப்பவள் அந்தக் கதவைத் தாண்ட மாட்டாள். தையல் தொழில்நுட்பம் என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. அது தைக்கக் கற்றுக் கொடுப்பது. பதினோரு வருடம் தைத்தவளைத் தைக்கக் கற்றுக்கொள்ள வா என்று எப்படி அழைப்பது? முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் என்று ஒரு சான்றிதழும் தருகிறார்கள். அவள் ஏற்கெனவே செய்கிற வேலையை அவள் செய்கிறாள் என்று அது சொல்லும். அதைக் காட்டி அடுத்த படியில் ஏற வழி இருந்தால்தானே அதற்கு மதிப்பு.

அவளுக்கு வேண்டியது ஒரு முழுப் படிப்பின் ஒரு துண்டு. 2023-இல் வந்த தேசிய மதிப்பெண்தொகுதிக் கட்டமைப்பில், அதாவது கிரெடிட் முறையில், 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். தையல் இயந்திரப் பராமரிப்பு என்று மூன்று கிரெடிட்டில் ஒரு கூறு வைத்தால் அது 90 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு மணி நேரம் என்றால் 15 ஞாயிறு. அந்தக் கூறு முடிந்ததும் அதற்கு மட்டும் ஒரு சான்று, வங்கிக் கணக்கில் பணம் சேர்வதுபோல் அவள் பெயரில் சேர வேண்டும். மூன்று வருடம் கழித்துப் பிள்ளைகள் வளர்ந்தபின் மோட்டாரும் கண்ட்ரோல் பலகையும் பற்றிய அடுத்த கூற்றுக்கு அவள் வரலாம். வராமலும் போகலாம்; வராவிட்டாலும் முதல் கூறு வீணாகக் கூடாது. இன்று இரண்டு வருடப் படிப்பை ஒன்றரை வருடத்தில் விட்டவனுக்கும், முதல் நாளே விட்டவனுக்கும் கையில் இருப்பது ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பட்டறைகளை இன்று ஓட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் இதே கணக்குத்தான். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக அவர்களுக்கும் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்.

துண்டு துண்டாகப் படித்தால் தொழில் முழுமையாக வராது என்று கூட்டத்தில் ஒருவர் மறுத்தார். மறுப்பில் நியாயம் உண்டு. டர்னருக்கு லேத்தில் ஒரு கூறு, டிராயிங்கில் ஒரு கூறு என்று தனித்தனியாகக் கொடுத்தால், வரைபடத்தைப் பார்த்து எந்த முகத்தை முதலில் கடைவது என்று முடிவெடுக்கும் அறிவு எந்தக் கூற்றிலும் இல்லாமல் போய்விடும். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடிப்படை இருக்க வேண்டும், கூறுகளை அதன்மேல் அடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அடிப்படையில் நான் வைப்பவை மிகப் பழைய சங்கதிகள்: அளக்கத் தெரிய வேண்டும், வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், இரும்பு சூட்டில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும், மின்சாரம் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று தெரிய வேண்டும், ஓடாத இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

பாடங்களுக்குப் பெயரை இயந்திரத்திடமிருந்து எடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்த 2022-இல் தமிழக அரசு ஒப்பந்தம் செய்தது. ரோபோட்டிக்ஸ், மின்வாகனப் பழுதுநீக்கம், மேம்பட்ட சி.என்.சி. என்று புதுப் பிரிவுகள் வந்தன. 20 பேருக்கு ஓர் இயந்திரம் என்று தவித்தவன் நான். இயந்திரம் வந்ததைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ரேடியோ, டிவி மெக்கானிக் என்று ஒரு பிரிவு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் படித்தவர்களில் சுற்றுப்பலகையின் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்று தறி ஆலைகளில் டிரைவ் கார்டுகளைச் சரிசெய்கிறார்கள். ரேடியோவை மட்டும் படித்தவர்கள் ரேடியோவோடு போனார்கள். ரோபோ என்ற பெயரிலும் நாளை இதே பிரிவினை வரும்.

தேர்வைப் பற்றிப் பேசும்போது புதுமை என்று வாதாடுகிற நான், பழைய தேர்வு ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபிட்டர் பிரிவில் சதுரப் பொருத்தம் என்று ஒரு ஜாப் உண்டு. இரண்டு இரும்புத் தகடுகள். ஒன்றில் சதுரமாக ஒரு பள்ளம், மற்றொன்றில் அதில் அமர வேண்டிய சதுர முனை. இரண்டையும் அரத்தால் ராவியே கொண்டுவர வேண்டும். முடித்தபின் தேர்வாளர் இரண்டையும் பொருத்தி, சன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் போச்சு. பிறகு முனையைப் புரட்டி மறுபடி செருகிப் பார்ப்பார். சிபாரிசு, கையெழுத்து அழகு, மனப்பாடம் எதுவும் அந்த வெளிச்சத்தை மறைக்காது. புது இயந்திரங்களுக்கான தேர்விலும் இப்படி ஒரு வெளிச்சம் வேண்டும் என்பதைத்தான் கூட்டத்தில் நான் கடைசியில் எழுந்து சொன்னேன்.

பழுது கண்டுபிடிக்கும் தேர்வு என்று அதற்குப் பெயர் வைத்தேன். கேள்வித்தாள் கிடையாது. ஒரு கிரைண்டர் மோட்டார், உறுமுகிறது, சுற்றவில்லை. ஒரு சி.என்.சி. புரோகிராம், ஏதோ ஒரு வரி தவறு, அல்லது எந்த வரியும் தவறில்லை. மாணவன் எதை முதலில் தொடுகிறான், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடுகிறானா, ஒன்றைச் சரிபார்த்தபின் அடுத்ததற்குப் போகிறானா, தாறுமாறாகக் கழற்றுகிறானா என்று பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்வார். மோட்டாரின் கெபாசிட்டரை மாற்றினால் சுற்றிவிடும் என்று குருட்டாம்போக்கில் மாற்றுகிறவனுக்கும், கையால் தண்டைச் சுற்றிப் பார்த்துப் பேரிங் இறுகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மாற்றுகிறவனுக்கும் முடிவு ஒன்றுதான், ஆனால் மதிப்பெண் ஒன்றாக இருக்கக் கூடாது.

தொழிற்பழகுநர் பற்றியும் பேச்சு வந்தது. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி இப்போது 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும்; நான்கு முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். நம் பக்கத்தில் தொழில் நடப்பதே ஐந்தாறு பேர் உள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில்தான். ஒரு பட்டறை போரிங் (துளையைக் கடைவது) செய்யும், அடுத்தது மில்லிங் செய்யும், மூன்றாவது கிரைண்டிங். பையனை ஒரே பட்டறைக்கு அனுப்பினால் ஒரே வேலையைத்தான் ஒரு வருடம் செய்வான், இடையில் டீ வாங்கி வருவான். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, ஒரு தெருவில் உள்ள நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து பழகுநர்களை முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். உதவித்தொகையை யார் கொடுப்பது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். சரியான கேள்விகள். முறைத் தண்ணீரிலும் மடை உடைந்தால் யார் கட்டுவது என்ற சண்டை இல்லாமலா இருக்கிறது என்று சொல்ல நினைத்து, வாயை மூடிக்கொண்டேன்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரே ஒரு சொல். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறு வருடங்கள், நான் தொட்டே பார்க்காத இயந்திரங்களைப் பற்றிப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன். வருடத்தில் ஒரு மாதம் பயிற்றுநர் பட்டறையில் வேலை செய்ய வேண்டும் என்று விதி வைத்தால் என்னைப் போன்றவர்கள் முதலில் முணுமுணுப்போம், பிறகு நன்றி சொல்வோம்.

கூட்டத்தின் முடிவில், புதுப் பாடங்களின் பட்டியல் முழுமையாக நிறைவேறியது. சான்றிதழின் பின்பக்கத்தில், மாணவன் செய்து காட்டிய வேலைகளை ஒவ்வொன்றாக, தேதியோடு அச்சிட வேண்டும் என்ற என் கோரிக்கை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூறுகளைப் பற்றி ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். அதில் தையல் இயந்திரத்தைச் சேர்ப்பது என் பொறுப்பு. பழுது கண்டுபிடிக்கும் தேர்வை ஒரு வருடத்துக்குச் சோதனை முறையில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்கு எத்தனை நாள் ஆகும், எழுத்துத் தேர்வைப்போல் அரை நாளில் முடியாதே என்று கல்லூரி முதல்வர் கேட்டார். கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று புள்ளி வைக்க மறந்த மாணவன் இப்போது குறிச்சி சிட்கோவில் ஒரு நிறுவனத்தில் செட்டராக, அதாவது இயந்திரங்களை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவனாக, இருக்கிறான். அவனுக்குக் கீழே எட்டு இயந்திரங்கள். தேர்வுக்கான பழுதுகளைத் தயார்செய்ய வருவாயா என்று கேட்டேன். "வர்றனுங்க சார். புள்ளி இல்லாத வரி ஒண்ணு கண்டிப்பா வெச்சரலாமுங்க. மிஷின்ல மட்டும் ஓட்ட விட்றாதீங்க, சிமுலேட்டர்லயே பாத்துக்கலாம்" என்றான். இருவரும் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். ஆளுக்கு 40 நிமிடம் என்றால் 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் நடத்தினால் 13 மணி 20 நிமிடம். நாளைக்கு ஏழு மணி நேரம் வைத்தால் இரண்டு நாள்.